அது மின்விசிறிப் படம் அல்ல

அனுப்புநர்:
தரம் பிரிக்கும் பெண்,
செம்பு, பித்தளைப் பிரிவு,
பழைய உலோகக் கிடங்கு.
(தங்கள் கோப்பில் 'மூன்றாம் சாட்சி')

பெறுநர்:
மண்டல அதிகாரி அவர்கள்,
தொழிலிடப் பாதுகாப்பு அலுவலகம்,
இரண்டாம் மாடி.

பொருள்: விசாரணை அறிக்கையில் 'மின்விசிறிப் படம்' என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, 'கதிர்வீச்சு எச்சரிக்கைக் குறி' என்ற சரியான பெயரைப் பதியவும், என் தங்கையின் சிகிச்சைக்கான கடிதத்தை உடனே வழங்கவும் கோருதல்.

பார்வை: 1. தங்கள் ஆய்வாளரின் விசாரணை அறிக்கை, நான்கு பக்கம். 2. கோப்பு முடிக்கப்பட்டதாக வந்த கடிதம், நான்கு வரி.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம் முதலில், புகார் அடுத்து.

1. வரும் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் தங்கையின் வலது கைப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வெட்டி எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். நாள் குறித்த டாக்டரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது நெருப்புச் சுட்ட புண் இல்லை என்றும், கதிர்வீச்சுக் காயத்துக்கென்றே தலைநகரில் ஒரு சிறப்பு மருத்துவமனை இருக்கிறது என்றும், அங்கே உடனே சேர்த்தால் விரல்கள் தப்பிக்க வழி உண்டு என்றும் சொன்னார். அந்த மருத்துவமனைக்கு நானே போன் செய்தேன். அழைத்து வாருங்கள், வேலையிடத்தில் கதிர்வீச்சு பட்டது என்று தொழிலிடப் பாதுகாப்பு அலுவலகத்தின் கடிதம் ஒன்றும் கொண்டு வாருங்கள் என்றார்கள். தங்கள் அலுவலகம் அந்தக் கடிதத்தைத் தர மறுக்கிறது. கேட்டால், அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் உள்ள ஒரு வரியைக் காட்டுகிறார்கள். அந்த வரியைத் திருத்தக் கோரியே இந்த மனு. கடிதம் புதன்கிழமை மாலைக்குள் என் கைக்கு வந்தாக வேண்டும்.

2. அந்த வரி இது: "மேற்படி பொருளின் மேல் மின்விசிறிப் படம் ஒன்று இருந்ததாக மூன்றாம் சாட்சி தெரிவித்தார், எச்சரிக்கைக் குறி எதுவும் காணப்படவில்லை." மூன்றாம் சாட்சி நான்தான். ஃபேன் படம் என்று சொன்னதும் நான்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் கிடங்கில் இருக்கும் இருபத்து மூன்று பேரும் அப்படித்தான் சொல்லுவோம். ஆனால் தங்கள் ஆய்வாளர் அந்தப் படம் போட்ட தகட்டுக்கு நேர் கீழே நின்றுதான் என் வாக்குமூலத்தை எழுதினார். நான் கையைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தார், பிறகு குனிந்து எழுதினார். நான் அதிகம் படிக்காதவள், எனக்குத் தெரியவில்லை. அவருக்கு என்ன வந்தது?

3. எங்கள் வேலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் புகார் விளங்காது. ஆகவே சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வண்டியில் கொண்டுவந்து கொட்டும் பழைய சாமான்களை வரிசை வரிசையாகப் பிரிப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். எங்களில் பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. வந்தாலும், சாமான் மேல் இருப்பது எந்த நாட்டு எழுத்து என்று யார் கண்டது? அதனால் படத்தைப் பார்த்துத்தான் பிரிப்போம். மின்னல் படம் போட்டிருந்தால் உள்ளே கம்பி. சொட்டுப் படம் போட்டிருந்தால் எண்ணெய், கவிழ்த்து வடித்துவிட்டுத்தான் உடைக்க வேண்டும். ஃபேன் படம் போட்டிருந்தால் உள்ளே மோட்டார். மோட்டார் என்றால் செம்புச் சுருள், செம்புச் சுருள் என்றால் உடைத்தே ஆகவேண்டும். இதை யாரும் எங்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. எல்லாம் கைப்பழக்கம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு வரிசைக்கும் மேலே, தகரத் தடுப்பில், அந்தந்தப் படம் போட்ட பழைய தகடு ஒன்றை ஆணியடித்து வைப்போம். புதிதாக வேலைக்கு வருபவர்கள் 'இது எங்க, அது எங்க' என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்காமல் இருப்பதற்காக. இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, மூடிக்கிடந்த அட்டை ஆலையிலிருந்து இரண்டு வண்டிச் சாமான் வந்தது. அதில் குடம் அளவுக்கு உருண்டையாக ஒன்று இருந்தது. கனம் மட்டும் குடத்தின் கனம் இல்லை, இரண்டு ஆள் சேர்ந்து உருட்ட வேண்டியிருந்தது. அதன் வயிற்றில் ஒரு மஞ்சள் தகடு. தகட்டில் கறுப்பாக, நடுவில் ஒரு வட்டம், சுற்றி மூன்று இறக்கை. கீழே இருந்த எழுத்தைத் துரு தின்றுவிட்டது. கிடங்கு மேஸ்திரி, "என்னம்மா இது?" என்று கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஃபேன் படம் போட்டிருக்கே, பெரிய மோட்டார்தான். இந்தக் கனத்துக்கு உள்ள காப்பர் கொட்டிக் கிடக்கும்" என்றேன். செம்பு வரிசைக்கு உருட்டச் சொன்னதும் நான். "நீ உடைடி, உன் கைதான் இதுக்கு லாயக்கு" என்று என் தங்கையிடம் தள்ளியதும் நான். இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதுகிறேன், பின்னால் யாரும் ஒன்றோடொன்று குழப்பிவிடக் கூடாது.

5. என் தங்கையின் கையைப் பற்றித் தங்கள் அறிக்கையில் 'வலது கை, இரண்டு விரல்' என்று மட்டும் இருக்கிறது. அந்தக் கை எப்படிப்பட்ட கை என்று நான் சொல்லுகிறேன். ஒரு கம்பியைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு உருட்டு உருட்டினால் போதும், கண்ணை மூடிக்கொண்டே அது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று சொல்லிவிடுவாள். நான் அரத்தை எடுத்து உரசிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொல்லுவதை அவள் பேச்சுவாக்கில் சொல்லுவாள். எனக்கு அதில் பொறாமை உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த உருண்டையை உளி வைத்துப் பிளக்க அவளுக்கு அரை நாள் ஆனது. மேலே இரும்பு, உள்ளே கெட்டி ஈயம். செம்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. நட்டநடுவில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு மட்டும் பளபளவென்று இருந்தது. என்ன உலோகம் என்று அவளுக்கே பிடிபடவில்லை, அதனால் ரோஷம் வந்துவிட்டது. டீ குடித்து முடியும்வரை அதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். "அக்கா, காந்தத்துல ஒட்டல. ஸ்டீல் மாதிரியும் இல்ல. எந்த வரிசை?" என்று கேட்டாள். "ஈயத்தோட வந்தது, ஈயத்தோடயே போய்த் தொலையட்டும்" என்றேன். ஈயத் துண்டுகள் நிறைந்த பீப்பாயில் போட்டாள், மேலே இன்னும் ஈயத்தைக் கொட்டினோம். மற்ற இருபத்திரண்டு பேரும் இன்று நல்லபடியாக நடமாடுவதற்கு கதிர்வீச்சைத் தடுத்த அந்த ஈயம்தான் காரணம் என்று பிறகு அளவுக் கருவியோடு வந்தவர்கள் சொன்னார்கள். நான் யோசித்துச் சொன்னதில்லை அது, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

6. அந்த மஞ்சள் தகடு மட்டும் துடைத்ததும் புதுசு போல ஆகிவிட்டது. செம்பு வரிசைக்கு மேல் இருந்த பழைய தகடு மங்கிப்போய்க் கிடந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, இதை நானே ஆணியடித்தேன். கீழே நின்று தங்கை, "கோணலா இருக்குக்கா. ஒரு இறக்கை நேரா கீழ பாக்கட்டும், அதான் பார்க்க லட்சணமா இருக்கும்" என்றாள். அப்படியே திருப்பி அடித்தேன். அதை மாட்ட வேண்டிய முறையும் அதுதானாம். ஆக, முறைப்படி மாட்டிய கதிர்வீச்சு எச்சரிக்கைக் குறிக்கு அடியில் பதினெட்டு நாள் நாங்கள் உட்கார்ந்து வேலை பார்த்தோம். 'கிட்டே வராதே' என்று அது சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள் அதை 'இங்கே கொண்டுவந்து உடை' என்று எடுத்துக்கொண்டோம்.

7. மூன்றாம் நாள் அவள் விரல்கள் சிவந்தன. சூடு பட்டிருக்கும் என்று எண்ணெய் தடவினோம். பத்தாம் நாள் வீங்கின. பதினைந்தாம் நாள் கொப்புளம். அவள் மகளுக்கு எட்டு வயது, அன்று முதல் தானே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. பதினெட்டாம் நாள் நான் அவளை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள்.

8. எக்ஸ்ரே அறைக் கதவில் அதே படம் இருந்தது. அளவு சிறியது, நிறம் மட்டும் அதேதான். வெளியே வந்த எக்ஸ்ரே எடுப்பவரிடம், "அண்ணே, உள்ள பெரிய ஃபேன் ஏதும் ஓடுதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். எங்கள் கிடங்கில் செம்பு வரிசைக்கு மேலேயும் இதே படம் மாட்டியிருக்கிறோம் என்று நான் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கிருந்து வந்தது, எதன் மேல் இருந்தது, உள்ளே என்ன இருந்தது, யார் தொட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான் தங்கையின் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "இது ஃபேன் இல்லம்மா. கதிர்வீச்சு எச்சரிக்கைக் குறி. மூணு இதழ் இருக்கறதால மூவிதழ்னும் சொல்லுவோம். உடனே போன் போட்டு எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க" என்றார். இத்தனை வருடத்தில் எனக்கு அதன் பெயரைச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். சொல்ல அவருக்குப் பத்து நொடிகூட ஆகவில்லை.

9. எக்ஸ்ரே எடுப்பவர் தகவல் சொல்லி, அன்று பிற்பகலே கதிர்வீச்சை அளக்கும் கருவிகளோடு நான்கு பேர் வந்தார்கள். அவர்கள் வேறு துறை. பீப்பாய்க்குப் பக்கத்தில் அந்தக் கருவி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வெள்ளைத் துண்டை நீண்ட இடுக்கியால் எடுத்து, தடித்த பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக் கொண்டுபோனார்கள். அட்டையின் தடிமனை அளக்க ஆலைகளில் இப்படிக் கதிர்வீச்சுத் துண்டு வைப்பார்களாம். மஞ்சள் தகட்டிடமும் கருவியைக் காட்டினார்கள். அதில் ஒன்றும் இல்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மேஸ்திரியிடம் ஒரு ரசீது தந்தார்கள். 'உலோகத் துண்டு, ஒன்று, பரிசோதனைக்காக' என்று அதில் இருக்கிறது. பரிசோதனையின் முடிவு என்ன என்று இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டேன். தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டதாக அவர்கள் சொல்லுகிறார்கள், வரவில்லை என்று தங்கள் அலுவலகம் சொல்லுகிறது.

10. இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. தங்கள் ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள், மேஸ்திரி எங்கள் இருவரையும் எடைமேடைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார். என் தங்கையைப் பார்த்து, "வரிசை மாத்திப் போட்டது பிரிக்கிறவங்க தப்புன்னு எழுதுவாங்க. அப்புறம் உங்கக்காவுக்கு இங்க மட்டுமில்ல, எந்தக் கிடங்குலயும் வேலை கிடையாது, பாத்துக்கோ" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்த சுபாவம். மறுநாள் ஆய்வாளர் அவளிடம், உடைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். "யாரும் சொல்லல சார். நானாத்தான் எடுத்து உடைச்சேன்" என்றாள் என் தங்கை. நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வாய் இருந்தது, நான் அதைத் திறக்கவில்லை. கிடங்கில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது, அந்த ஒரு நிமிடம் பார்த்து அது ஒட்டிக்கொண்டது. வெட்கமாக இருக்கிறது ஐயா.

11. இப்போது அறிக்கை சொல்லுவதைக் கேளுங்கள். 'காயமடைந்தவர் யாருடைய உத்தரவும் இன்றித் தன்னிச்சையாகப் பொருளை உடைத்துள்ளார். பொருளில் எச்சரிக்கைக் குறி எதுவும் இல்லாததால் அது கதிர்வீச்சுப் பொருள் எனக் கொள்ள ஆதாரம் இல்லை. காயம் கேஸ் கட்டரால் ஏற்பட்டிருக்கலாம்.' எங்கள் வரிசையில் நெருப்பால் அறுக்கும் கேஸ் கட்டரே கிடையாது. உளியும் சுத்தியலும்தான். கட்டர் இருக்கும் இடம் கிடங்கின் அந்தக் கோடியில், ஆய்வாளர் அங்கே போய்ப் பார்க்கவும் இல்லை. இப்படி ஒரு சப்பைக்கட்டை நான் எங்கள் கிடங்கில் கூடக் கேட்டதில்லை, அங்கே தினமும் நூறு சப்பைக்கட்டு கேட்கிறேன்.

12. அது மின்விசிறிப் படம்தான் என்று தங்கள் அலுவலகம் இன்னும் சாதித்தால், என் தொழிலை வைத்தே பதில் சொல்லுகிறேன். கிடங்கில் கிடந்த மின்விசிறிகளில் இருந்து பத்தொன்பது தகடுகளைப் பொறுக்கி எடுத்து, அந்த மஞ்சள் தகட்டோடு வரிசையாக வைத்துப் பார்த்தேன். மின்விசிறி வரைபவன் இறக்கையைக் கொஞ்சம் வளைத்து வரைவான், இல்லாவிட்டால் காற்று வராது என்று அவனுக்குத் தெரியும். இதில் வளைவே இல்லை. மின்விசிறியின் இறக்கை நடுவில் உள்ள குமிழோடு ஒட்டியிருக்கும். இதில் மூன்று இதழும் வட்டத்தைத் தொடாமல் எட்டி நிற்கின்றன. நடுவில் ஒட்டாத இறக்கையோடு எந்த ஃபேனும் சுற்றாது. பத்தொன்பது வருடத்தில் ஆயிரக்கணக்கில் பிரித்துப் போட்டவள் சொல்லுகிறேன், இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

எக்ஸ்ரே அண்ணன் அளவும் சொல்லித்தந்தார். நடு வட்டத்தின் மையத்திலிருந்து அதன் விளிம்பு வரை ஒரு பங்கு என்றால், இதழ் தொடங்குவது ஒன்றரைப் பங்கில், முடிவது ஐந்து பங்கில். ஸ்கேல் வைத்து அளந்தேன். வட்டத்தின் விளிம்பு ஒரு சென்டிமீட்டர், இதழ் தொடங்குவது ஒன்றரை, முடிவது ஐந்து. மயிரிழை பிசகவில்லை. தகட்டின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படி இத்துடன் இணைத்திருக்கிறேன். தகட்டைத் தரமாட்டேன். தங்கள் அலுவலகத்தில் காகிதங்கள் எப்படிக் காணாமல் போகின்றன என்று எனக்குக் கொஞ்சம் தெரிந்துவிட்டது.

13. கடந்த வாரம் மூன்று நாள் தங்கள் வராந்தாவில் காத்திருந்தேன். முதல் நாள் தாங்கள் கூட்டத்தில், இரண்டாம் நாள் பயணத்தில், மூன்றாம் நாள் சாப்பாட்டில். கோப்பு வைத்திருக்கும் எழுத்தரிடம் பெயரைத் திருத்தச் சொன்னேன். "நீங்க சொன்னதைத்தாம்மா எழுதியிருக்கோம். மாத்தணும்னா அன்னைக்கே சரியாச் சொல்லியிருக்கணும். எப்படிக் கூப்பிட்டா என்ன, இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?" என்றார். அவருக்கு அங்கேயே சொன்ன பதிலை இங்கும் எழுதுகிறேன். எப்படிக் கூப்பிட்டாலும் ஒன்றுதான் என்றால், நான் கூப்பிட்ட பெயரை வைத்து எதற்காகக் கோப்பை மூடினீர்கள்? அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

14. காத்திருக்கும்போது சும்மா இருக்க எனக்குத் தெரியாது. கண்ணில் படுவதையெல்லாம் பிரித்துப் பார்க்கும் புத்தி. தங்கள் வராந்தாவில், பெஞ்சுக்கு எதிரே, பாதுகாப்புக் குறிகள் என்று தலைப்பிட்ட பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அதன் கீழ்வரிசையைக் குடிதண்ணீர்க் கேன் மறைக்கிறது. கேனை நகர்த்திப் பார்த்தேன், அனுமதி கேட்காததற்கு மன்னிக்கவும். கீழ்வரிசையில் இடமிருந்து இரண்டாவது படம், மஞ்சளில் கறுப்பு, நடுவில் வட்டம், சுற்றி மூன்று இதழ். அதன் அடியில் தெளிவாக அச்சடித்திருக்கிறது: 'கதிர்வீச்சு அபாயம்.' தங்கள் ஆய்வாளரின் நாற்காலிக்கும் அந்தப் படத்துக்கும் பதினோரு அடி. நானே நடந்து பார்த்தேன். ஒன்று, தங்கள் சுவரில் இருப்பதும் மின்விசிறிதான் என்று எழுதிக் கொடுங்கள், நான் வாயை மூடிக்கொண்டு போய்விடுகிறேன். இல்லை, அறிக்கையைத் திருத்துங்கள்.

15. ஆலைச் சாமான்களோடு வந்த காகிதக் கட்டுக்குள், ஆலை மூடப்பட்டபோது தரப்பட்ட சான்றின் நகல் ஒன்றும் இருந்தது. அது இல்லாமல் எங்கள் கிடங்கு எந்த ஆலைச் சாமானையும் உள்ளே விடாது. 'வளாகத்தில் அபாயப் பொருள் எதுவும் மீதமில்லை' என்று அதில் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டவரும், தகட்டுக்கு அடியில் நின்று என் வாக்குமூலத்தை எழுதியவரும் ஒரே ஆள். இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகலெடுத்து இணைத்திருக்கிறேன். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை.

16. ஆகவே நான் கேட்பது: மூன்றாம் பக்கத்தில் 'மின்விசிறிப் படம்' என்பதை அடித்து, 'கதிர்வீச்சு எச்சரிக்கைக் குறி' என்று எழுத வேண்டும். 'எச்சரிக்கைக் குறி எதுவும் காணப்படவில்லை' என்ற பொய்யையும் கூடவே அடிக்க வேண்டும். என் தங்கைக்கு வேலையிடத்தில் கதிர்வீச்சு பட்டது என்ற கடிதத்தைப் புதன்கிழமை மாலைக்குள் தர வேண்டும்.

'தன்னிச்சையாக' என்ற சொல்லையும் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: பொருளைத் தவறான வரிசைக்கு அனுப்பியதும், உடைக்கச் சொன்னதும், தகட்டை வரிசைக்கு மேல் ஆணியடித்ததும், விசாரணையில் வாயை மூடிக்கொண்டு நின்றதும் தரம் பிரிப்பவரான மூன்றாம் சாட்சி. இதை யாரும் மிரட்டி எழுதச் சொல்லவில்லை. வேலை போகும் என்றால் போகட்டும். வழக்கு வரும் என்றால் வரட்டும், நானே நடந்து வருகிறேன், ஆள் அனுப்ப வேண்டாம். என் தவறை முழுதாக என் தலையில் போடுங்கள். ஆனால் அதற்குப் பக்கத்து வரியில் அந்தப் படத்தின் சரியான பெயர் இருக்க வேண்டும். பெயர் தெரியாதது என் தவறு என்றால், பெயர் தெரிந்தும் எழுதாதது யாருடைய தவறு என்று படிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

17. கிடங்கில் மற்ற இருபத்தொரு பேரும் இன்று காலையிலிருந்து ஆலைச் சாமானில் கைவைக்கவில்லை. பெயர் தெரியாத எதையும் தொடப்போவதில்லை என்கிறார்கள். மேஸ்திரி முதலில் கத்தினார், பிறகு அவரும் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் கையெழுத்தும் கைரேகையும் பின்னால் தனித்தாளில் உள்ளன. தங்கள் சுவரில் இருப்பது போன்ற படம் ஒன்று எங்கள் கிடங்கிலும் மாட்ட வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர்க் கேன் மறைக்காத இடத்தில் மாட்டிக்கொள்கிறோம்.

18. புதன்கிழமை மாலை வரை நான் இந்தப் பெஞ்சில்தான் இருப்பேன். கூட்டம், பயணம், சாப்பாடு எல்லாம் முடித்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை என்று சொல்ல மாட்டேன், அவசரம்தான். காவலாளி வந்து எழுப்பினால் வாசலில் உட்காருவேன்.

19. கடைசியாக ஒன்று. இந்த மனு என் தங்கைக்குத் தெரியாது. தெரிந்தால் கிழித்துப் போட்டிருப்பாள். திருத்திய அறிக்கையின் நகல் வீட்டுக்கு வரும்போதுதான், எல்லாவற்றையும் நான் சொல்லிவிட்டேன் என்று படிப்பாள். "உனக்கு அறிவிருக்காக்கா? இதுக்காடி நான் அந்தாள்கிட்ட பொய் சொன்னேன்?" என்று கேட்பாள். அவளுக்குக் கோபம் வந்தால் அக்கா என்றும் பார்க்க மாட்டாள், ஆள்காட்டி விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி, ஆட்டி ஆட்டித்தான் திட்டுவாள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், நின்று வாங்கிக்கொள்கிறேன். நீட்டுவதற்கு அந்த விரல் வேண்டும் ஐயா. கடிதத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சொன்னதை மறுக்காத, தெரிந்துகொண்டதை மறைக்காத,
(கையொப்பம்)
அவளுடைய அக்கா.

நாள்: திங்கட்கிழமை, காலை பதினொன்றரை.
இடம்: தங்கள் அலுவலகம், இரண்டாம் மாடி வராந்தா.